ஓவியர் கண்ட நிலமும் உழைத்தவர் நிலமும்



ஓர் ஊருக்கு நாம் எதற்காகப் பயணம் போகிறோம்? கோயில் இருந்தால் கும்பிடப் போகிறோம். உறவினர் இருந்தால் நலம் விசாரிக்கப் போகிறோம். சந்தை கூடினால் சாமான் வாங்கப் போகிறோம். ஆனால் கோயிலுக்கும் கோட்டைக்கும் பேர்போகாத ஒரு சிற்றூர். ஓர் ஆறு, ஒரு மாவு ஆலை, சில வயல்கள், ஒரு குடியானவர் வீடு. இவ்வளவே உள்ள அந்த இடத்திற்கு வெளிநாடுகளிலிருந்துகூட மக்கள் வந்து போகிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அப்படி ஓர் இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் பார்க்க வருவது ஓர் ஓவியம் பிறந்த நிலத்தை.

அதுபோல ஓவியர்களின் கண்ணில் பட்டுப் புகழ்பெற்ற நிலம் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. பட்டர்வொர்த் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் பினாங்குத் தீவுதான் அது. இரண்டு நிலங்களுக்கும் இடையே ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். பிறகு பினாங்குக்குத் திரும்புவோம். கடைசியில், எந்த ஓவியரும் வந்து வரையாத நம் தோட்டப்புறத்தைப் பற்றியும் சற்றே சிந்திப்போம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக், எஸ்ஸெக்ஸ் என்று இரண்டு வட்டாரங்கள் இருக்கின்றன. அவ்விரண்டுக்கும் எல்லைபோல் ஓடுகிறது ஸ்டவர் என்னும் சிறிய ஆறு. அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில், ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில், 1776-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் கான்ஸ்டபிள். அவருடைய தந்தையார் வசதியான ஆலைக்காரர். ஆற்று நீரின் வேகத்தால் சக்கரம் சுழல, அதனால் கோதுமை அரைக்கும் ஆலைகள் அவருக்கு இருந்தன. ஃபிளாட்ஃபோர்டு என்ற இடத்திலும் டெடம் என்ற இடத்திலும் அவை இருந்தன. அரைத்த மாவையும் தானியத்தையும் தட்டையான படகுகளில் ஏற்றுவார்கள். கரையில் நடக்கும் குதிரைகள் கயிற்றால் அப்படகுகளை இழுத்துச் செல்லும். இந்தக் காட்சிகளைப் பார்த்தே வளர்ந்தார் கான்ஸ்டபிள். தந்தையின் தொழிலில் சில காலம் பழகினாலும் அவர் மனம் ஓவியத்தையே நாடிற்று. தம்மை ஓவியராக ஆக்கியது அந்த ஆற்றங்கரைதான் என்று பின்னாளில் நண்பர் ஒருவருக்கு அவரே எழுதினார்.

அந்தக் காலத்தில் பெரிய ஓவியம் என்றால் அதில் அரசர் இருக்க வேண்டும், அல்லது போர் இருக்க வேண்டும், அல்லது புராணக் கதை இருக்க வேண்டும் என்பது பெரியோர் எண்ணம். கான்ஸ்டபிளோ மதகையும், வேலியையும், சேற்றுக் கரையையும், மழை மேகத்தையும் வரைந்தார். 1821-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ராயல் அகாதமிக் கண்காட்சியில் ஆறடி அகலமுள்ள ஓர் ஓவியத்தை வைத்தார். காய்ந்த புல் ஏற்றும் வண்டி ஒன்று, குதிரைகளோடு ஆற்று நீரில் நிற்கிறது. இடப்பக்கம் ஒரு குடியானவர் வீடு. தொலைவில் வயலில் புல் அறுக்கும் ஆட்கள் மிகச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். வானத்தில் மேகம் நகர்கிறது. அவ்வளவுதான் படம். அன்று அது விலைபோகவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1824-இல், பாரிஸ் நகரில் அது காட்டப்பட்டபோது பிரெஞ்சு அரசர் தங்கப் பதக்கம் அளித்தார். இன்று அது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இங்கிலாந்து மக்கள் தங்கள் நாட்டின் முகமே அதுதான் என்று எண்ணுமளவுக்குப் புகழ்பெற்றுவிட்டது.

ஓவியம் புகழ்பெற்றவுடன் நிலமும் புகழ்பெற்றது. கான்ஸ்டபிள் உயிரோடிருந்த காலத்திலேயே, குதிரை வண்டியில் உடன் வந்த பயணி ஒருவர், அவர் யார் என்று தெரியாமல், இது கான்ஸ்டபிளின் நாடு என்று அவரிடமே சொன்னாராம். இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அதே பெயர்தான். ஃபிளாட்ஃபோர்டில் உள்ள ஆலையையும் குடியானவர் வீட்டையும் 1943 முதல் தேசிய அறக்கட்டளை ஒன்று காத்து வருகிறது. 1970-இல் அந்தப் பள்ளத்தாக்கு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் நிலமாக அறிவிக்கப்பட்டது. இரயிலை விட்டு இறங்கி, ஆற்றோரமாக நடந்து சென்று, ஓவியர் எந்த இடத்தில் நின்று பார்த்தாரோ அதே இடத்தில் நின்று பார்க்கலாம். அதே வீடு, அதே நீர்நிலை. அந்த வீட்டில் வாழ்ந்த வில்லி லாட் என்ற குடியானவர், எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட தம் வாழ்நாளில் நான்கே இரவுகள்தான் வெளியே தங்கினார் என்று அந்த ஊரார் சொல்வதுண்டு. ஊரைவிட்டு நகராத ஒரு மனிதரின் வீட்டைப் பார்க்க உலகமே நகர்ந்து வருகிறது!

நேயர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்த ஓவியத்தில் காணும் அமைதி அந்த ஊரில் அன்று இருந்ததா? இல்லை. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்தபின் கோதுமை விலை சரிந்தது. பண்ணையாட்களுக்குக் கூலி குறைந்தது. கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்து, குளிர்காலத்தில் கிடைத்துவந்த வேலையும் போயிற்று. 1822-இல் சஃபோக் வட்டாரத்தில் கூலியாட்களின் கோபம் வைக்கோற்போர்களில் தீயாக எரிந்தது. தீ தெரியாத இரவே இல்லை என்று ஊரிலிருந்த தம்பி கவலைப்பட்டதைக் கான்ஸ்டபிள் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். புல் வண்டி ஓவியம் வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஓவியத்தில் தூரத்து வயலில் புள்ளிகளாகத் தெரிகிறார்களே, அவர்களுடைய கூட்டத்தாரின் வயிற்றுப்பாடுதான் அந்தத் தீ.

இதே ஸ்டவர் ஆற்றின் கரையில் உள்ள சட்பரி என்னும் ஊரில் இவருக்கும் முன்னரே ஒரு பெரிய ஓவியர் தோன்றியிருந்தார். 1727-இல் பிறந்த தாமஸ் கெயின்ஸ்பரோதான் அவர். அவர் 1750-ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ஓர் ஓவியம் மிகவும் புகழ்வாய்ந்தது. ஆண்ட்ரூஸ் என்ற நிலக்கிழாரும் அவர் மனைவியும் மரத்தடியில் இருக்கிறார்கள். கணவர் கையில் துப்பாக்கி. அருகே வேட்டை நாய். மறுபக்கம் அவர்களுடைய நிலம் விரிந்து கிடக்கிறது. அறுத்துக் கட்டிய கதிர்க் கட்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. விதைத்ததும் நேர்த்தி, அறுத்ததும் நேர்த்தி. ஆனால் விதைத்தவரும் இல்லை, அறுத்தவரும் இல்லை! அவ்வளவு கதிரும் தானாகவே அறுபட்டுத் தானாகவே கட்டாக நின்றதுபோல் படம் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் இந்தப் படத்தைப் பார்த்தால், அறுத்தவர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் பினாங்குக்குத் திரும்புவோம்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் எந்த ஊர்க்காரர் தெரியுமா? அதே சஃபோக் வட்டாரத்துக்காரர். தீவில் அவர் மிளகு பயிரிட்ட தோட்டத்துக்குச் சொந்த மண்ணின் நினைவாகச் சஃபோக் என்றே பெயர் வைத்தார். 1794-இல் அவர் மறைந்தபின் அந்த நிலத்தில் எழுந்த பெரிய மாளிகைக்கும் சஃபோக் இல்லம் என்ற பெயரே நிலைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தம் ஊர் முனியாண்டியையும் மாரியம்மனையும் தோட்டத்தில் குடிவைத்ததைப் போல, அவர் தம் ஊரின் பெயரைக் குடிவைத்தார். வேறுபாடு என்னவென்றால், அவருடைய மாளிகையைப் படம் வரைய ஆள் வந்தார்.

அப்படிப் படம் வரைந்தவர்களில் முதன்மையானவர் இராபர்ட் ஸ்மித். அவர் தொழிலால் ஓவியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பொறியாளர். 1810-களில் பினாங்கில் பொறியியல் அதிகாரியாக இருந்தார். அன்றைய இராணுவப் பொறியாளர்களுக்குச் சித்திரம் வரையக் கற்றுக்கொடுப்பது வழக்கம். கேமரா இல்லாத காலம் அது. மலை எங்கே, ஆறு எங்கே, எதிரி வரும் வழி எங்கே என்பதையெல்லாம் கையால்தான் வரைந்து அனுப்ப வேண்டும். அந்தப் பயிற்சியோடு இயற்கை ஈடுபாடும் சேர்ந்ததால் ஸ்மித் தீவின் காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றுள் சில பினாங்கு மாநில அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. இதே ஸ்மித்தான் பின்னர் டில்லிக்குச் சென்று 1828-இல் குதுப்மினாரைப் பழுதுபார்த்தவர். அதன் உச்சியில் தம் விருப்பப்படி ஒரு மண்டபத்தையும் வைத்தார். அது அந்தக் கோபுரத்துக்குப் பொருந்தவில்லை என்று 1848-இல் இறக்கிவைத்துவிட்டார்கள்.

ஸ்மித்தின் பினாங்குக் காட்சிகள் பத்து, லண்டனில் அச்சாகி 1821-இல் வெளிவந்தன. கான்ஸ்டபிள் புல் வண்டியைக் காட்சிக்கு வைத்த அதே 1821! சஃபோக்கின் ஆற்றங்கரையும், சஃபோக்காரர் கொடியேற்றிய தீவின் மலைச்சாரலும் ஒரே ஆண்டில் லண்டன் மக்களின் பார்வைக்கு வந்தன.

அந்தப் படங்களை அச்சுக்குச் செதுக்கியவர் வில்லியம் டேனியல். இந்தப் பெயர் தமிழர்களுக்கு வேண்டிய பெயர். இவரும் இவருடைய சிற்றப்பா முறையான தாமஸ் டேனியலும் 1786 முதல் பல ஆண்டுகள் இந்தியா முழுவதும் சுற்றி ஓவியம் வரைந்தவர்கள். 1792-இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே பயணம் செய்தார்கள். திருச்சி மலைக்கோட்டையை வரைந்தார்கள். மதுரையையும் தஞ்சையையும் வரைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். ஊர் திரும்பிய பின், 1795-க்கும் 1808-க்கும் இடையில், 144 காட்சிகளைப் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார்கள். பாபநாசம் அருவியைத் தம் கண்ணால் கண்ட அதே வில்லியம்தான், பின்னாளில் பினாங்கு அருவியின் படத்தையும் செப்புத் தகட்டில் செதுக்கினார். நம் முன்னோர் விட்டுவந்த அருவியும், வந்து சேர்ந்த அருவியும் ஒரே கைவழியாக அச்சேறின என்பது எவ்வளவு அழகான செய்தி!

அந்த அச்சு வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுவோம். செப்புத் தகட்டின்மேல் மரப்பிசின் தூளைத் தூவிச் சூடாக்குவார்கள். தூள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தை விட்டால், தூள் படியாத நுண்ணிய இடைவெளிகளை அது அரிக்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை மெழுகு போன்ற பூச்சால் மூடிக்கொண்டே வருவார்கள். அதிக நேரம் அரிபட்ட இடம் அதிகமாக மை பிடிக்கும்; குறைவாக அரிபட்ட இடம் சாம்பல் நிறமாக வரும். இப்படி மையின் அழுத்தத்தாலேயே மேகமும் மலையும் தோன்றும். அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரு படத்துக்கு இவ்வளவு உழைப்பு.

சரி, ஸ்மித் கண்ட பினாங்கை இன்று நாம் பார்க்க முடியுமா? முடியும். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் படகு ஏறினால் ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்து வரலாம்.

முதல் இடம் கொடிமலை. லைட்டின் காலத்திலேயே மலையுச்சிக்குப் பாதை வெட்டினார்கள். காய்ச்சல் கண்ட ஆங்கில அதிகாரிகள் குளிர்ச்சிக்காக மேலே போய்த் தங்கினார்கள். அவர்கள் நடந்தா போனார்கள்? குதிரையில் போனார்கள், அல்லது ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியில் போனார்கள். மலையிலிருந்து கீழே ஜார்ஜ்டவுனையும், கடலையும், கடலுக்கு அப்பால் நம் கரையையும் பார்க்கும் காட்சியை ஸ்மித் வரைந்தார். 1923-இல் கயிற்றிழுவை இரயில் ஓடத் தொடங்கிய பின்னர்தான் சாதாரண மக்களுக்கும் அந்தக் காட்சி கிடைத்தது. மேலே நின்று கிழக்கே பார்க்கும்போது, தொலைவில் தட்டையாகத் தெரியும் கரைதான் செபராங் பிறை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். ஓவியர் படத்தில் அது ஒரு நீலக் கோடு. நமக்கு அதுதான் வீடு.

இரண்டாவது இடம் சஃபோக் இல்லம். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், பெரிய மரங்களுக்கு நடுவே நிற்கும் மாளிகை. ஆளுநர்கள் விருந்து வைத்த கூடம் இது. பிற்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வசம் இருந்தது. பின்னர் கூரை சிதைந்து பாழடைந்தது. நெடுங்காலம் கழித்துப் பழுதுபார்க்கும் வேலை நடந்து 2007-இல் நிறைவு பெற்றது. ஒரு பழைய கட்டடத்தை எப்படி இருந்தது என்று தெரிந்து மறுபடி எழுப்ப வேண்டுமானால் பழைய படங்கள் எவ்வளவு துணை என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். படம் வெறும் அழகுப் பொருள் அல்ல, அது சாட்சி.

மூன்றாவது இடம் அருவி. ஸ்மித்தின் படங்களில் மிகவும் பேர்போனது இதுதான். அவருக்கு முன்னரே, 1811-இல் இங்கு வந்த ஜேம்ஸ் வாதன் என்ற ஆங்கிலப் பயணியும் இந்த அருவியைப் பார்த்து வரைந்திருக்கிறார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் தவறாமல் காணும் இடமாக அது இருந்தது. பிறகு அருவியின் அடிவாரத்தில் 1884-இல் தாவரவியல் பூங்கா அமைந்தது. அருவி நீர் நகரத்துக் குடிநீருக்குத் திருப்பப்பட்டது. இன்று அருவிப் பகுதி குடிநீர் வாரியத்தின் எல்லைக்குள் இருக்கிறது.

அதே அருவிக்குத் தமிழர்கள் வேறொரு பெயர் வைத்தார்கள். தண்ணீர்மலை! அருவியிலிருந்து நீர் சுமந்தும் அந்தப் பக்கத்தில் கூலி வேலை செய்தும் வாழ்ந்த தமிழர்கள், அருவியின் அருகே ஒரு வேலை நட்டு முருகனை வழிபட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பின்னர் கோயில் வேறிடத்துக்கு மாறியது, குன்றின்மேல் ஏறியது. 2012-இல் புதிய பெருங்கோயில் எழுந்தது. தைப்பூசத்தன்று செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் கெடாவிலிருந்தும் மக்கள் காவடியோடு வந்து சேர்கிறார்களே, அந்த இடம்தான் இது. வெள்ளைக்கார ஓவியர் அருவியில் ஒரு காட்சியைக் கண்டார். தமிழ்த் தொழிலாளி அதே அருவியில் ஒரு துணையைக் கண்டார். முன்னதற்குப் படம் இருக்கிறது. பின்னதற்கு அன்று படம் போடுவார் இல்லை. ஆனால் இருநூறு ஆண்டு கழிந்தும் தேர் ஓடுகிறது.

இங்கே நாம் கையில் வைத்திருந்த கேள்வி மறுபடியும் வருகிறது. உழைத்தவர்கள் எங்கே? ஆங்கில ஓவியர்களின் இயற்கைக் காட்சிகளில் மனிதர் வந்தாலும், பெரும்பாலும் மரத்தின் உயரத்தையும் மலையின் பருமனையும் காட்டும் அளவுகோலாகவே வருகிறார்கள். ஆனால் அந்த நாளில் தீவில் ஆட்கள் குறைவாகவா இருந்தார்கள்? சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஆயிரம்பேர் அளவில் தீவில் குடியிருந்ததாகவும், ஆண்டுதோறும் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை கப்பலில் வந்து வணிகமும் பலவிதக் கூலி வேலையும் செய்து சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் பிரான்சிஸ் லைட்டே 1794-இல் எழுதியிருக்கிறார். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இந்தத் தீவில் சாலை போட்டார்கள். காட்டை வெட்டியவர் உண்டு. மிளகுக்கொடிக்குக் கம்பம் நட்டவர் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் உண்டு. ஓவியர் வரைந்த அழகிய வெளி அவர்கள் திருத்திய வெளி.

கடலுக்கு இந்தப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. வெல்லெஸ்லி மாநிலம் என்று அன்று அழைக்கப்பட்ட செபராங் பிறை 1800-இல் கம்பெனிக்குக் கிடைத்தது. பட்டர்வொர்த் என்ற பெயரே 1843 முதல் 1855 வரை ஆளுநராக இருந்த ஒருவரின் பெயர்தான். அந்த ஆண்டுகளில் இங்கே பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. பத்து கவான், கலிடோனியா, பைராம், விக்டோரியா என்ற பெயர்களைப் பெரியவர்கள் அறிவார்கள். கடலோரச் சதுப்பில் அலைநீர் ஏறாதபடி வரப்புக் கட்டி, வடிகால் வெட்டி, கரும்பு நட்டு, வெட்டி, சுமந்து, ஆலையில் பிழிந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும், சீனர்களும், பிறரும் ஆவர். 1910-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கரும்பு மறைந்து ரப்பரும் தென்னையும் வந்தன. பிறகு ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. ஸ்மித்தைப் போலவோ கான்ஸ்டபிளைப் போலவோ ஓர் ஓவியர் வந்து அந்தக் கரும்புக் காட்டின் நடுவே நின்று நம் பாட்டன்மாரை வரையவில்லை.

நிலத்தைப் பார்க்கும் முறையில் தமிழுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் பழம்புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள். மலை, காடு, வயல், கடற்கரை என்று வெறும் மண்ணை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அந்த நிலத்துத் தெய்வம் எது, மரம் எது, பறவை எது, மக்கள் யார், அவர்கள் செய்யும் தொழில் என்ன, கொட்டும் பறை எது, பாடும் பண் எது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நிலம் என்றார்கள். கருப்பொருள் என்று தொல்காப்பியம் கூறுவது இதைத்தான். குறிஞ்சி என்றால் தினைப்புனம் காக்கும் பெண்ணும் உண்டு. நெய்தல் என்றால் வலை வீசும் பரதவரும் உப்பு விற்கும் உமணரும் உண்டு. உழைப்பாளி இல்லாத நிலம் தமிழ் இலக்கணத்தில் நிறைவான நிலம் அன்று. கெயின்ஸ்பரோவின் ஓவியத்தைக் கண்டு, அறுத்தவர்கள் எங்கே என்று நமக்குக் கேட்கத் தோன்றுவது இந்தப் பழக்கத்தால்தான்.

பினாங்கின் இருபதாம் நூற்றாண்டு மாற்றங்களைச் சொந்த மண்ணின் ஓவியர்களும் கண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சரவாக்கில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென், 1896 முதல் 1962 வரை வாழ்ந்தவர். நீர்வண்ணத்தில் கடற்கரையையும் மீனவர்களையும் கிராமங்களையும் வரைந்தார். பினாங்கில் ஓவிய ஆசிரியராக இருந்த அப்துல்லா ஆரிப், 1904 முதல் 1962 வரை வாழ்ந்தவர். 1960-இல் அவர் ஓர் ஈயச் சுரங்கத்தையே நீர்வண்ண ஓவியமாக்கினார். வெளியூர் அதிகாரி மலையுச்சியிலிருந்து பார்த்த பார்வைக்கும், உள்ளூரார் சமதரையில் நின்று பார்த்த பார்வைக்கும் இங்கே வேறுபாடு தெரிகிறது. நிலத்தோடு வேலையும் படத்துக்குள் வந்துவிட்டது. அந்த வரிசையில் பால்வெட்டும் பெண்ணும், செம்பனைக் குலை அறுக்கும் ஆடவரும், அவர்கள் வாழ்ந்த லயமும் வந்து சேர வேண்டும்.

ஏன் இதை அவசரமாகச் சொல்கிறோம்? ஃபிளாட்ஃபோர்டில் குடியானவரின் வீடு இன்றும் நிற்கிறது. ஓவியம் இருந்ததால் வீட்டின் மதிப்பு தெரிந்தது; மதிப்பு தெரிந்ததால் காப்பாற்றினார்கள். நம் பக்கம் அப்படி இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறையில் தொழிற்பேட்டை வந்தது. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து கவானில் வந்து இறங்கியது. கரும்பும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கேதான் வேலை. ஆனால் லயம் இடிந்து, கோயில் இடம் மாறி, பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போனபின், இங்கே ஒரு தோட்டம் இருந்தது, அதில் நாங்கள் நான்கு தலைமுறை வாழ்ந்தோம் என்று சொல்ல நம்மிடம் என்ன சாட்சி இருக்கும்?

சாட்சியை நாமே உண்டாக்கலாம். அதற்கு இராயல் அகாதமியும் வேண்டாம், செப்புத் தகடும் வேண்டாம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியை உட்கார வைத்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு தாளில் அதை வரையட்டும். லயம் எந்தப் பக்கம், பெரட்டுக்களம் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, பால் நிறுக்கும் கொட்டகை எங்கே, கிராணியார் வீடு எங்கே, துரை பங்களா எவ்வளவு உயரத்தில், தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, மாரியம்மன் கோயில் எந்த மரத்தடியில் என்று குறிக்கட்டும். ஒவ்வொரு தீம்பாருக்கும் தொழிலாளர் வைத்திருந்த பெயரையும் எழுதட்டும். அந்தப் பெயர்கள் எந்த அரசாங்க வரைபடத்திலும் இரா. பழைய புகைப்படங்கள் இருந்தால் அவற்றின் பின்புறத்தில் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் படத்தில் இருப்பவர் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவருடைய படமாகிவிடும்.

கோடு சற்றுக் கோணலாக இருந்தால் குற்றமில்லை. வில்லி லாட்டின் வீடு சாதாரண வீடுதான். பினாங்கு அருவியைவிடப் பெரிய அருவிகள் உலகில் எத்தனையோ உண்டு. ஒருவர் நின்று, பார்த்து, பதித்து வைத்ததால்தான் அவை இன்றுவரை பேசப்படுகின்றன. இந்த நிலத்தைத் திருத்தியவர்கள் நம்மவர்கள். அதை உழைத்தவர்களோடு சேர்த்துப் பதித்து வைக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.